வாசகர் கேள்வி – பதில்: குப்பை அஞ்சல் வடிகட்டியும் தொலைந்துபோகும் கடிதங்களும்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளுள், மின்னஞ்சல் வழங்கியில் (சேர்வரில்) குப்பை அஞ்சலை வடிகட்டுவது பற்றியவற்றை இம்முறை தெரிந்தெடுத்திருக்கிறோம். சொந்த ஆள்களப் பெயரும் (டொமைன்) வாடகைக்கு எடுத்த வழங்கியும் வைத்து, அஞ்சல் சேவையைத் தாமே நடத்தும் சிறு நிறுவனத்தினரே இவற்றை எழுதியுள்ளனர். கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறோம். மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்துக்கு வெளிநாட்டவர் பல மாதங்களுக்கு முன்னரே எழுதி விசாரிப்பார்கள். குப்பை அஞ்சல் தொல்லை தாங்காமல், வழங்கியை அமைத்துத் தந்த தம்பி, ஸ்பாம் அசாசின் என்ற வடிகட்டி நிரலின் எல்லை மதிப்பெண்ணை 5 இலிருந்து 3 ஆகக் குறைத்து, அதைத் தாண்டுபவை அழிந்துவிடும்படி செய்தார். குப்பை குறைந்துவிட்டது. ஆனால் ‘எழுதினோம், பதில் வரவில்லை’ என்று சிலர் தொலைபேசியில் கூறுகிறார்கள். எல்லையை எவ்வளவில் வைப்பது சரி? – விடுதி உரிமையாளர், நிலாவெளி

பதில்: எல்லையை இன்றே 5 க்குத் திருப்புங்கள். அதைவிட அவசரமானது, அழிக்கும் கட்டளையை நீக்குவது. குப்பை அஞ்சல் பத்து உள்ளே வந்தால் அவற்றை அழிக்கும் சிரமம் மட்டுமே உங்களுக்கு உண்டு. ஒரு முன்பதிவுக் கடிதம் சத்தமின்றி அழிந்தாலோ, அது வந்தது உங்களுக்குத் தெரியாது. சேரவில்லை என்பது எழுதியவருக்கும் தெரியாது. அவர் உங்களை அக்கறையற்றவர் என்று எண்ணிக்கொண்டு பக்கத்து விடுதிக்கு எழுதிவிடுவார். எந்த அஞ்சலும் இரு தரப்புக்கும் தெரியாமல் மறையக்கூடாது என்பதை உறுதிசெய்த பின்னரே வடிகட்டியின் மற்ற அமைப்புகளில் கைவைக்க வேண்டும்.

ஸ்பாம் அசாசின் தானாக எந்த அஞ்சலையும் அழிப்பதில்லை. அது ஒவ்வோர் அஞ்சலையும் பல நூறு விதிகளைக் கொண்டு சோதித்து, பொருந்தும் விதிகளுக்குரிய மதிப்பெண்களைக் கூட்டியும் கழித்தும், மொத்தத்தை, வழக்கமாகத் திரையில் தெரியாத அஞ்சல் தலைப்பு வரிகளில் எழுதி வைக்கும். அந்த வரியைப் படித்து, அஞ்சலை உட்பெட்டியில் இடுவதா, வேறு கோப்புறைக்கு நகர்த்துவதா, அழிப்பதா என்று முடிவெடுப்பது அதற்குப் பின்னால் நிற்கும் வேறொரு நிரல். எல்லை 5 என்று வைத்துக்கொண்டே அந்த விதிகளின் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு கணிக்கப்பட்டிருக்கின்றன. எல்லையை மட்டும் 3 க்கு இறக்கினால் அந்தக் கணிப்பு முழுவதும் குலைந்துவிடும். தனித்தனியே குற்றமற்ற இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்தாலே நல்ல கடிதம் எல்லையைத் தாண்டிவிடும்.

உங்கள் தொழிலுக்கு வரும் விசாரணைகள் இதில் எளிதாக அகப்படக்கூடியவை. முன்பின் அறியாத ஒருவர், இலவச அஞ்சற் கணக்கிலிருந்து, முன்பணத்தை எப்படி அனுப்புவது என்று கேட்டு, வேறொரு தளத்தின் தொடுப்பையும் ஒட்டி, நான்கு வரியில் எழுதுகிறார். பண மோசடிக் கடிதங்களின் உருவமும் ஏறக்குறைய இதுதான். ஆகவே, அகப்பட்ட நல்ல கடிதங்கள் சிலவற்றின் தலைப்பு வரிகளைத் திறந்து, எந்த விதி எவ்வளவு மதிப்பெண் கொடுத்தது என்று பாருங்கள். ஒரே விதி திரும்பத் திரும்பத் தவறிழைக்கிறது என்றால் அந்த ஒன்றின் மதிப்பெண்ணைக் குறைப்பதே முறை. எல்லையை ஏற்றி இறக்கி விளையாடுவது அதற்கு ஈடாகாது.

அமைப்பை மூன்று படிகளாக வகுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். 5 க்குக் கீழே உள்ளவை உட்பெட்டிக்குச் செல்லட்டும். 5 இலிருந்து ஏறத்தாழ 15 வரையுள்ளவை குப்பைக் கோப்புறைக்குச் செல்லட்டும். பருவ காலத்தில் ஒருவர் நாள்தோறும் அதைப் பார்வையிட வேண்டும். அதற்கும் மேற்பட்டவற்றை, அனுப்பும் வழங்கி உங்கள் வழங்கியோடு தொடர்பில் இருக்கும்போதே, 550 என்ற மறுமொழியுடன் ஏற்க மறுத்துவிடுங்கள். அப்படி மறுத்தால், தவறாகத் தடுக்கப்பட்ட நல்ல மனிதருக்கு அவருடைய வழங்கியே ‘உமது அஞ்சல் சேரவில்லை’ என்று தெரிவிக்கும். அவர் உடனே தொலைபேசியில் அழைக்கலாம். மாறாக, அஞ்சலை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் திருப்பி அனுப்பும் வழக்கத்தை ஒருபோதும் கைக்கொள்ளாதீர்கள். குப்பை அஞ்சலில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலியானது என்பதால், நீங்கள் திருப்பி அனுப்புவது சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் போய் விழும்; நாளடைவில் உங்கள் வழங்கியே தடைப்பட்டியலில் ஏறும்.

தொடர்பு நீடிக்கும்போதே சோதிப்பதற்கு, ஸ்பாம் அசாசினை மில்டர் என்னும் இணைப்பு முறை வழியாக, அஞ்சலைப் பெற்று அனுப்பும் நிரலான போஸ்ட்ஃபிக்ஸுடன் பிணைக்க வேண்டும். புதிதாக அமைப்பவர்களுக்கு ஆர்ஸ்பாம்டி என்ற மற்றொரு வடிகட்டி இன்னும் வசதியானது. மதிப்பெண் 4 ஐ எட்டினால் தற்காலிகமாகத் தாமதப்படுத்துவது, 6 இல் அடையாளமிடுவது, 15 இல் மறுப்பது என்ற படிகள் அதில் ஆரம்பத்திலேயே வகுக்கப்பட்டுள்ளன. அதன் மதிப்பெண்களும் ஸ்பாம் அசாசினின் மதிப்பெண்களும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதால், ஒன்றின் எண்ணை மற்றொன்றில் அப்படியே எழுதிவிடக்கூடாது.

முன்பதிவுத் தளங்களிலிருந்து வரும் அஞ்சல்களை எப்போதும் அனுமதிக்க விரும்பினால், அனுப்புநர் முகவரியை மட்டும் பார்த்து அனுமதிக்கும் பட்டியலில் அவற்றைச் சேர்க்காதீர்கள். அந்த முகவரியை எவரும் போலியாக எழுதலாம். கையொப்பமோ அனுப்பிய வழங்கியோ உறுதியானால் மட்டுமே அனுமதிக்கும் தனிப் பட்டியல் ஸ்பாம் அசாசினில் உண்டு, அதையே பயன்படுத்துங்கள்.

அழிந்துபோன கடிதங்களை மீட்க முடியாது. எனினும், அவற்றை அனுப்பியவர்களின் முகவரிகளும் வந்த நேரமும் வழங்கியின் பதிவுக் கோப்புகளில் இருக்கும். அக்கோப்புகள் சில வாரங்களில் தாமாகவே நீங்கிவிடும்படி பெரும்பாலான வழங்கிகளில் அமைந்திருப்பதால், இன்றே அவற்றைப் பிரதி எடுத்து, 3 க்கும் 6 க்கும் இடைப்பட்ட மதிப்பெண் பெற்று அழிந்தவற்றின் முகவரிகளைத் தேடுங்கள். அவற்றுள் விருந்தினருடையவை எனத் தோன்றுபவற்றுக்கு ஒரு வரி எழுதி விசாரியுங்கள்.

கேள்வி: மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பகுதிகளிலுள்ள எங்கள் உறுப்பினர்கள் தமிழில் எழுதும் அஞ்சல்கள் குப்பைக் கோப்புறைக்குப் போகின்றன. ஆங்கிலத்தில் வரும் விளம்பரங்களோ உட்பெட்டிக்கே வருகின்றன. சிலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அனுப்புகிறார்கள். வடிகட்டிக்குத் தமிழ் தெரியாதா? – சமூக சேவை நிறுவன அலுவலர், திருகோணமலை

பதில்: கற்றுக்கொடுத்தால் தெரிந்துகொள்ளும். ஆனால் முதலில், யாரேனும் அதற்குத் தமிழைத் தடுக்கும்படி கட்டளை இட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அஞ்சல் எந்த மொழியில் எழுதப்பட்டுள்ளது என்று ஊகிக்கும் செருகு நிரல் ஒன்று ஸ்பாம் அசாசினில் உண்டு. அது ஆரம்பத்தில் செயலற்றே இருக்கும். வெளிநாட்டு வழிகாட்டிக் குறிப்பு ஒன்றைப் பார்த்து அமைப்பவர்கள் அதைச் செயற்படுத்தி, ‘ஏற்கத்தக்க மொழிகள்’ என்ற இடத்தில் ஆங்கிலத்தை மட்டும் எழுதிவிடுவதுண்டு. அதன் பிறகு ஒவ்வொரு தமிழ்க் கடிதத்துக்கும் 2.8 மதிப்பெண், அதாவது எல்லையில் பாதிக்கும் மேல், எழுதியவர் செய்த குற்றம் எதுவுமின்றியே ஏறிவிடும். மும்மொழியிலும் கடிதம் வரும் மாவட்டத்தில் இந்தச் செருகு நிரலுக்குத் தேவையே இல்லை; அணைத்துவிடுங்கள்.

அடுத்ததாக, உங்கள் இணையத்தளத்தில் உறுப்பினர் நிரப்பும் படிவம் ஏதேனும் இருந்தால், அது அனுப்பும் அஞ்சலின் பொருள் வரியைச் சோதியுங்கள். பொருள் வரியில் தமிழ் எழுத்துகள் வரும்போது அவற்றை முறைப்படி குறிமாற்றம் செய்து அனுப்ப வேண்டும். அவசரத்தில் எழுதப்பட்ட படிவ நிரல்கள் எழுத்துகளை அப்படியே திணித்துவிடுகின்றன. அதற்கும் தனியே ஒரு விதி மதிப்பெண் போடும். இதைத் திருத்த வேண்டியது வடிகட்டியில் அல்ல, படிவ நிரலில்.

இனிக் கற்பித்தல் பற்றி. ஸ்பாம் அசாசினிலும் ஆர்ஸ்பாம்டியிலும் உள்ள பேய்ஸ் முறை, ஒரு சொல் குப்பை அஞ்சல்களில் எவ்வளவு அடிக்கடி வருகிறது, நல்ல அஞ்சல்களில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற ஒப்பீட்டை வைத்து நிகழ்தகவைக் கணிக்கிறது. அதற்கு இலக்கணம் தேவையில்லை, உதாரணங்கள் தேவை. குப்பையில் 200, நல்லதில் 200 என்ற அளவு சேரும் வரை அது வாய் திறக்காது. நீங்கள் நல்ல அஞ்சல்களைக் கொடுக்கும்போது தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளவற்றைக் கலந்து கொடுங்கள். குப்பை உதாரணங்கள் யாவும் ஆங்கிலத்திலும் நல்லவை யாவும் தமிழிலும் இருந்தால், ஆங்கிலத்தில் எழுதும் நன்கொடையாளரே குப்பைக்காரராகத் தோன்றத் தொடங்குவார். தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 வடிவில் மூன்று பைட்டுகளைப் பிடிப்பதால், நீண்ட தமிழ்ச் சொற்களைப் ஸ்பாம் அசாசினின் பழைய பதிப்புகள் துண்டாடிப் பதிந்துவந்தன. 2022 டிசெம்பரில் வெளியான 4.0 பதிப்பில் ஆங்கிலமல்லாத மொழிகளைக் கையாளும் விதம் பெரிதும் சீராக்கப்பட்டது. உங்களிடம் அதற்கு முந்தைய பதிப்பு இருந்தால், மேம்படுத்திய பின் கற்பித்தலைப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

கற்பித்தும் பலனில்லை என்று பலர் முறையிடுவதற்குப் பெரும்பாலும் ஒரு சிறு காரணமே இருக்கும். கற்பிக்கும் கட்டளையை நிர்வாகியின் கணக்கிலிருந்து இயக்குகிறார்கள்; அஞ்சலைச் சோதிக்கும் நிரலோ வேறொரு பயனரின் பெயரில் இயங்குகிறது. இரண்டுக்கும் தனித்தனித் தரவுத்தளம் உருவாகி, கற்றது ஓரிடத்திலும் தீர்ப்பு மற்றோரிடத்திலும் இருந்துவிடுகின்றன. சோதிக்கும் நிரல் எந்தப் பயனராக இயங்குகிறதோ, அதே பயனராகவே கற்பியுங்கள். தானாகவே கற்கும் வசதி செயலில் இருந்தால், மதிப்பெண் 0.1 க்குக் கீழே உள்ளவற்றை நல்லவை என்றும் 12 க்கு மேற்பட்டவற்றைக் குப்பை என்றும் அது தானே எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். தவறாக மதிப்பெண் ஏறிய தமிழ்க் கடிதங்கள் அந்த வழியில் ஏற்கனவே குப்பையாகக் கற்கப்பட்டிருக்கக்கூடும். ஆகவே மொழி விதியை அணைத்துவிட்டு, பழைய தரவுத்தளத்தையும் நீக்கிவிடுங்கள்.

பாமினியின் நிலை வேறு. அந்த எழுத்துருவில் தட்டச்சுச் செய்ததைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் பொருளின்றிக் கலந்த ஒரு தொடர். குப்பை அனுப்புவோர் வடிகட்டியை ஏமாற்றுவதற்காகத் திணிக்கும் பொருளற்ற தொடர்களோடு அது ஒத்திருக்கிறது. போதிய உதாரணம் கிடைத்தால் பேய்ஸ் முறை அதையும் பழகிக்கொள்ளும். ஆயினும் பெறுபவரின் கைத்தொலைபேசியிலும் அது வாசிக்க முடியாதபடியே வந்து சேர்வதால், அஞ்சலின் உடலை யூனிகோடில் எழுதும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்வதும், பாமினியில் உள்ள பழைய ஆவணங்களை இணைப்புக் கோப்பாக அனுப்பச் சொல்வதுமே நிலையான தீர்வு.

கேள்வி: எங்கள் கல்வி நிலையத்தின் வழங்கியில், குப்பை அனுப்பும் வழங்கிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் தடைப்பட்டியலைச் சேர்த்தேன். மறுநாள் காலை முதல் வந்த எல்லா அஞ்சல்களும் மறுக்கப்பட்டன. பல்கலைக்கழக அஞ்சல்களும் விதிவிலக்கல்ல. பட்டியல் பிழையானதா? – கணினிப் பொறுப்பாளர், உப்புவெளி

பதில்: பட்டியல் சரியானது, நீங்கள் கேட்ட வழிதான் பொருந்தாதது. உங்கள் வழங்கியின் டி.என்.எஸ். தேடலுக்கு (பெயர்களுக்குரிய முகவரிகளைக் கண்டறியும் தேடல்) கூகுளின் 8.8.8.8 போன்ற பொதுச் சேவையை அமைத்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அத்தகைய பொதுச் சேவைகளின் வழியாக வரும் கேள்விகளுக்கு ஸ்பாம்ஹவுஸ் உண்மையான விடையைத் தருவதில்லை, 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டையே திருப்பி அனுப்புகிறது. விடை எதுவாயினும் ‘பட்டியலில் உண்டு’ என்று பொருள்கொள்ளும்படி போஸ்ட்ஃபிக்ஸை அமைத்திருந்தால், உலகத்திலுள்ள எல்லா வழங்கிகளும் குற்றவாளிகளாகிவிடும்.

அன்பவுண்ட் போன்ற தேடல் நிரல் ஒன்றை அதே வழங்கியில் நிறுவி, தேடல்களை நேரடியாகச் செய்யுங்கள். கூடவே, 127.0.0.2 இலிருந்து 127.0.0.11 வரையான விடைகளை மட்டுமே தடையாகக் கொள்ளும்படி அமைப்புக் கோப்பில் வரம்பிடுங்கள். தடைப்பட்டியல்கள் 127.0.0.2 என்ற முகவரியை எப்போதும் உள்ளடக்கியும் 127.0.0.1 என்ற முகவரியை எப்போதும் விலக்கியும் இருக்க வேண்டும் என்பது நியமம் என்பதால், அந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தாலே தேடல் சரியாக நடக்கிறதா என்பது தெரிந்துவிடும். எந்தப் புதிய தடை விதியையும் முதல் வாரத்தில் ‘எச்சரிக்கை மட்டும்’ என்ற முன்னொட்டோடு இடுவதற்குப் போஸ்ட்ஃபிக்ஸில் வழி உண்டு. அப்போது எதுவும் மறுக்கப்படாது. எவை மறுக்கப்பட்டிருக்கும் என்பது பதிவுக் கோப்பில் மட்டும் எழுதப்படும். மாணவர்களின் விண்ணப்பங்கள் வந்து சேரும் வழங்கியில் இந்தப் பொறுமை கட்டாயம் வேண்டும்.

கேள்வி: திமிங்கிலம் பார்க்கும் படகுச் சேவை நடத்துகிறோம். நாங்கள் அனுப்பும் பதில்கள் ஜிமெயில் வைத்திருப்பவர்களின் குப்பைக் கோப்புறைக்குப் போகின்றன. நாங்கள் குப்பை அனுப்புவதில்லையே! – படகு உரிமையாளர், திருகோணமலை

பதில்: நீங்கள் யார் என்பதை உங்கள் வழங்கி மெய்ப்பிக்காத வரை, அடுத்தவரின் வடிகட்டிக்கு உங்களையும் போலியையும் பிரித்தறிய வழியில்லை. 2024 பெப்ரவரி முதல் கூகுள் இதைக் கண்டிப்பாக்கியிருக்கிறது. ஜிமெயிலுக்கு எழுதும் எந்த ஆள்களமும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். வைத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோர் அவ்விரண்டோடு டிமார்க்கையும் வைத்திருக்க வேண்டும். சிறியவரான நீங்களும் மூன்றையும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

எஸ்.பி.எஃப். என்பது உங்கள் பெயரில் அனுப்ப உரிமையுள்ள வழங்கிகளின் பட்டியல். ஓர் ஆள்களத்துக்கு அது ஒன்றே இருக்க வேண்டும். இரண்டு எழுதினால் இரண்டும் செல்லாது. அதைச் சரிபார்ப்பதற்கான டி.என்.எஸ். தேடல்களும் 10 ஐத் தாண்டக்கூடாது. டி.கே.ஐ.எம். ஒவ்வோர் அஞ்சலிலும் இடப்படும் கையொப்பம்; 2048 பிட் திறவுகோலைப் பயன்படுத்துங்கள். டிமார்க் என்பது, அவ்விரு சோதனைகளிலும் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று நீங்கள் அறிவிக்கும் கொள்கை; அதை முதலில் ‘நடவடிக்கை வேண்டாம், அறிக்கை மட்டும்’ என்ற நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் படித்த பின் இறுக்குங்கள். வழங்கியின் ஐ.பி. முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் எதிர்த்திசைப் பதிவும் தேவை. அதை ஆள்களம் பதிந்த இடத்தில் அல்ல, வழங்கியை வாடகைக்குத் தந்தவரிடமே கேட்டுப் பெற வேண்டும்.

சுற்றுலாத் தளங்களில் அடிக்கடி காணும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தொடர்புப் படிவத்தை ஒருவர் நிரப்பியதும், அவருடைய ஜிமெயில் முகவரியையே அனுப்புநராக இட்டு உங்கள் வழங்கி அஞ்சல் அனுப்புகிறது. உங்கள் வழங்கிக்கு ஜிமெயிலின் பெயரில் எழுத உரிமை இல்லை. அனுப்புநர் இடத்தில் உங்கள் ஆள்கள முகவரியையும், ‘பதில் அனுப்ப வேண்டிய முகவரி’ என்ற இடத்தில் விருந்தினரின் முகவரியையும் இடும்படி படிவத்தைத் திருத்துங்கள்.

கேள்வி: கடவுச்சொல்லை மீட்கும் அஞ்சல்களும் ஒருமுறை எண்களும் தாமதமாகவே வருகின்றன. வருவதற்குள் எண் காலாவதியாகிவிடுகிறது. – மருந்தக உரிமையாளர், கிண்ணியா

பதில்: உங்கள் வழங்கியில் தற்காலிக மறுப்பு முறை இயங்குகிறது. புதிய அனுப்புநரை முதலில் 450 என்ற மறுமொழியோடு ‘பின்னர் வருக’ என்று திருப்பிவிட்டு, மீண்டும் வந்தால் ஏற்கும் முறை அது. ‘போஸ்ட்கிரே’ நிரலில் இந்தக் காத்திருப்பு வழக்கமாக 300 வினாடி. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு முயற்சிக்கும் வெவ்வேறு வழங்கியைப் பயன்படுத்துவதால் காத்திருப்பு இன்னும் நீளும். எல்லோரையும் நிறுத்தி வைக்கும் இம்முறையை விட்டு, மதிப்பெண் சந்தேகத்துக்கிடமானவற்றை மட்டும் தாமதப்படுத்தும் ஆர்ஸ்பாம்டியின் வழிக்கு மாறுங்கள். அதுவரை, வங்கி முதலானவற்றின் வழங்கிகளை விலக்குப் பட்டியலில் இடுங்கள்.

கேள்வி: எங்களுக்குச் சரக்கு விற்பவரின் பெயரில் ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று ஓர் அஞ்சல் வந்தது. வடிகட்டி அதற்கு ஒரு மதிப்பெண்ணும் போடவில்லை. ஏன்? – கடலுணவு வணிகர், திருகோணமலை

பதில்: சரக்கு விற்பவரின் உண்மையான அஞ்சற் கணக்கையே ஒருவர் கைப்பற்றி எழுதினால் கையொப்பம், வழங்கி, மொழிநடை யாவும் சரியாகவே இருக்கும். ஓரெழுத்து மட்டும் மாறிய ஆள்களத்தைப் புதிதாகப் பதிந்து, அதற்கு முறைப்படி டி.கே.ஐ.எம். இட்டாலும் அப்படியே. அஞ்சல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே இச்சோதனைகள் கூறும்; எழுதியவரின் நோக்கத்தைக் கூறா. கணக்கு மாற்றம் பற்றிய எந்த அஞ்சலுக்கும், அதில் தரப்பட்ட எண்ணுக்கன்றி, உங்களிடம் முன்பே உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்யாமல் பணம் அனுப்பாதீர்கள். சம்பவத்தை, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் அமைப்புக்கும் அறிவியுங்கள்.

கேள்வி: ஊழியர்கள் அஞ்சலைக் குப்பைக் கோப்புறைக்கு இழுத்தவுடன் வடிகட்டி தானே கற்றுக்கொள்ளும்படி செய்யலாமா? – கூட்டுறவுச் சங்கப் பணியாளர், மூதூர்

பதில்: அஞ்சற்பெட்டிகளைக் கையாளும் டவ்கொட் நிரலின் ஐமேப்-சீவ் என்ற செருகு நிரலைக் கொண்டு செய்யலாம். ஆனால் இரு திசையிலும் செய்யுங்கள்: குப்பைக்கு இழுத்தால் குப்பையென்றும், அங்கிருந்து வெளியே எடுத்தால் நல்லதென்றும் கற்க வேண்டும், வெளியே எடுத்து அழித்தொதுக்கும் கோப்புறைக்குப் போடுவதை மட்டும் கணக்கில் சேர்க்கக்கூடாது. தாமே கேட்டுப் பெற்ற செய்திமடல் அலுத்துப்போனால், அதைக் குப்பையென்று இழுக்காமல் சந்தாவை நீக்கும்படி ஊழியர்களுக்குச் சொல்லிவையுங்கள். அறியாத அனுப்புநராயின் நீக்கும் தொடுப்பை அழுத்தாமல் இழுத்துவிடுவதே சரி. எல்லோருக்கும் பொதுவான ஒரே தரவுத்தளம் சிறிய சங்கத்துக்குப் போதும். குப்பைக் கோப்புறையில் உள்ளவை 30 நாட்களுக்குப் பின் தாமே நீங்கும்படி வைக்கலாம். நெடிய விடுமுறையில் செல்பவரின் கோப்புறைக்கு மட்டும் அவர் திரும்பும் வரை இந்த விதியை நிறுத்தி வையுங்கள்.